உர்சுலாவின் நடை

குகதாசனின் வலது கால் மாறிவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவருடைய மனைவி நளாயினி. கண்ணால் அல்ல, காதால்.

பேர்ன் நகரத்துக்கு வெளியே, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மேல்மாடியில் அவர்களுடைய வீடு. வேலை முடிந்து அவர் படியேறி வரும் சத்தத்தை வைத்தே கையில் பால் பை இருக்கிறதா, மேலாளரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வருகிறாரா என்று அவள் சொல்லிவிடுவாள். இத்தனை வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். இந்தக் குளிர்காலத்திலிருந்து அதில் பாதி காணாமல் போயிருந்தது. இடது கால் வழக்கம்போலத் தொம்மென்று விழுந்தது. வலது காலுக்குச் சத்தமே இல்லை. பூனை வைப்பதுபோல வைத்தார்.

வீட்டுக்குச் சத்தமில்லாமல் வரும் ஆண்களைப் பற்றி நளாயினிக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் அவள் கேட்கவில்லை. கேட்டால் பொய் வரும். பார்த்துக்கொண்டிருந்தால் உண்மை தானாக வரும் என்பது அவளுடைய கொள்கை. பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது. அவளோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்யும் வதனி, ஒரு சனிக்கிழமை இன்ரலாக்கன் ஸ்ரேசனில் குகதாசனைக் கண்டதாகச் சொன்னாள். அன்றைக்கு அவர் பேர்னில் மேலதிக வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ரொறன்ரோவில் இருக்கும் மகளிடம் நளாயினி, "ஒரு அறை ஒதுக்கி வையும் பிள்ளை, நான் அங்கை வந்து இருக்கவேண்டி வரலாம்" என்றாள். ஏன் என்று கேட்டவளுக்குக் காரணத்தையும் சொன்னாள். மகள் சிரித்துவிட்டாள்.

"அப்பாவோ? அவருக்குச் சேட்டுக்குப் பொத்தான் ஒழுங்காப் பூட்டத் தெரியாது அம்மா."

"அது அப்ப. இப்ப ஒழுங்காப் பூட்டுறார்."

அந்த வாரமே குகதாசன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "பனியாறு பாக்கப் போவமோ? முழங்கால் கிளினிக்கிலை இருந்து ரெண்டு பேருக்குச் சும்மா குடுத்திருக்கினம். கயிறு கட்டிக் கூட்டிக்கொண்டு போவினமாம். முன்னைப் பின்னை நடக்காத ஆக்களும் போகலாமாம்."

முதல் பனி விழுந்தவுடனே பல்கனிக்கு உப்புத் தூவுகிற மனிதர். பனியைக் கண்டால் கெட்ட வார்த்தை பேசுகிற மனிதர். நளாயினி அவருடைய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓம், போவம்" என்றாள். வீட்டில் தெரியாத உண்மை அந்த இடத்தில் தெரியக்கூடும் என்று நினைத்தாள். தெரிந்துவிட்டால் ரொறன்ரோ. அவள் முடிவு செய்திருந்தாள்.

பனியாற்றின் ஓரத்தில் மரக்குடில் ஒன்று இருந்தது. வாசலில் நின்ற வழிகாட்டி ஒரு தமிழ்ப் பையன். பெயர் ரஜிதன். சுவிஸில் பிறந்து வளர்ந்தவன், ஆனால் தமிழ் நன்றாக வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து முதலாவதாக அவன் சொன்னது:

"குகதாசன் அங்கிள்தானே? ஒருமாதிரி வந்து சேந்திட்டியள்."

யாரும் இன்னும் பெயர் சொல்லியிருக்கவில்லை. நளாயினி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையுறைக்குள் விரல்களை நுழைப்பதில் மும்முரமாக இருந்தார்.

மூன்றாவது ஆளாக லண்டனிலிருந்து வந்த தவராசா நின்றார். ஓய்வுபெற்றவர். கையில் இருந்த ஊன்றுதடி முழுக்க உலகத்து மலைகளின் சின்னங்கள் ஒட்டியிருந்தன. "நான் கிளிமஞ்சாரோ ஏறினவன்" என்று குடிலுக்குள் நுழையும்போது ஒருமுறை, சப்பாத்து மாற்றும்போது ஒருமுறை சொல்லிவிட்டார்.

"அனுபவம் ஆரும் சொல்லத் தேவையில்லை" என்றான் ரஜிதன். "அதைக் காலே சொல்லும். இந்தத் தட்டிலை ஒரு காலை வையுங்கோ. பனியிலை நடந்த கால் பாரத்தை வேறமாதிரி இறக்கும். நடக்காத காலுக்கு ஒண்டு வரும். கொஞ்சம் நடந்த காலுக்கு ரெண்டு. பனியை நல்லாத் தெரிஞ்ச காலுக்கு மூண்டு. ஒண்டு வந்த ஆக்களுக்கு ரெண்டு காலிலையும் இந்தக் கறுப்புப் பட்டி கட்டுவன். முன்னாலை போற ஆள் எப்பிடி அடி வைக்கிறாரோ, பட்டி உங்கடை காலையும் அப்பிடியே வைக்கச்சொல்லித் தள்ளும். அதாலைதான் எல்லாத் தரத்து ஆக்களும் ஒரே கயிற்றிலை போகலாம்."

தவராசா முதலில் ஏறினார். புது இடம் என்பதால் வலது காலை எடுத்து வைத்தார். ஒன்று வந்தது.

"உந்த மெசின் பழுது."

"இருக்கலாம் அங்கிள். நீங்கள் கிளிமஞ்சாரோவிலை எதுவரைக்கும் போனனீங்கள்?"

"அடிவாரத்து ஹோட்டல் வரைக்கும் போனது. அண்டைக்கு வயித்தோட்டம்."

நளாயினியும் வலது காலைத்தான் வைத்தாள். கலியாண வீடானாலும் கக்கூசானாலும் புதிதாக நுழையும்போது வலது கால் என்று பழகியவள். ஒன்று. அது சரி. பிறகு குகதாசன் அதேபோல வலது காலை வைத்தார்.

மூன்று.

தவராசா தன்னுடைய தடியை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். குகதாசன் தட்டைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். "உண்மையா நான் இஞ்சை வந்ததில்லை" என்றார்.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே" என்றாள் நளாயினி.

வாய் எதையும் சொல்லும். காலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இந்தப் பனியில் அவர் பல தடவை நடந்திருக்கிறார், தனியாக நடந்திருக்கமாட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. கணக்குச் சரியாக வந்தபோது வரும் ஒரு குளிர்ந்த நிம்மதிதான் வந்தது.

சப்பாத்துக்கு அடியில் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். கயிற்றில் முதலில் ரஜிதன், பிறகு குகதாசன், அவருக்குப் பின்னால் நளாயினி, கடைசியில் தவராசா. புறப்படும்போது ரஜிதன் குகதாசனின் வலது சப்பாத்தில் ஏதோ ஒரு சின்ன வில்லையை ஒட்டியதை நளாயினி கண்டாள். கேட்கவில்லை. பார்த்துக்கொண்டாள்.

பனியாறு தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரிந்தது. அதன்மேல் ஏறியபிறகு அது அழுக்குச் சாம்பல் நிறம். வெடித்த இடங்களுக்குள் மட்டும் நீலம். அடியில் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கறுப்புப் பட்டி அவளுடைய கால்களைப் பிடித்து மெல்லத் தூக்கி, மெல்ல இறக்கியது. வலது கால் பிரச்சினை தராமல் நடந்தது. இடது கால்தான் மல்லுக்கட்டியது. பட்டி ஒரு இடத்தில் வைக்கச் சொன்னால் அது இன்னொரு இடத்துக்குப் போகப் பார்த்தது. வயது போன முழங்கால், குளிருக்குப் பிடிவாதம் பிடிக்கிறது என்று நினைத்தாள்.

"நல்லாத் தெரிஞ்ச இடம்போல நடக்கிறியள்" என்றாள் முன்னால் போனவரின் முதுகைப் பார்த்து.

"எனக்கும் அதுதான் விளங்கேல்லை. கால் தன்ரை பாட்டிலை போகுது."

"சனிக்கிழமையளிலை பழக்கின கால்."

அவர் திரும்பவில்லை. ஆனால் கழுத்து விறைத்ததைக் கண்டாள்.

ஒரு சின்ன வெடிப்பை அவர் தாண்டினார். வலது கால் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, பின்வாங்கி, ஒரு சாண் தள்ளி இறங்கியது. அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த ரஜிதனின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"அதேதான்" என்றான் தனக்குள். "உர்சுலாவின்ரை அடி."

நளாயினி நின்றுவிட்டாள். கயிறு இறுகி எல்லோரும் நின்றார்கள்.

"ஆர் உர்சுலா?"

ரஜிதன் உதட்டைக் கடித்தான். குகதாசன் இரண்டு கையையும் விரித்தார். "எனக்கு உர்சுலாவையும் தெரியாது, வேற ஒருத்தியையும் தெரியாது."

"உங்களைக் கேக்கேல்லை. தம்பி சொல்லட்டும். சொல்லாமல் நான் அசையமாட்டன். பிறகு இஞ்சையே நிண்டு நாலுபேரும் உறையவேண்டியதுதான்."

ரஜிதன் கொஞ்ச நேரம் பனியைக் குத்திக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"உர்சுலாதான் இஞ்சை தலைமை வழிகாட்டி. எனக்கு முதல், எனக்குப் பழக்கினவைக்கும் முதல். இந்தப் பனியாறு ஒவ்வொரு கிழமையும் மாறும் அன்ரி. படத்தைப் பாத்து நடக்கேலாது. எங்கை காலை வைக்கலாம், எங்கை வைக்கக்கூடாது எண்டு அவவின்ரை காலுக்குத் தெரியும். கேட்டா அவவுக்கே சொல்லத் தெரியாது. இப்ப அவவுக்குத் தசை கரையிற வருத்தம். எழும்பமாட்டா."

"அதுக்கும் இவருக்கும் என்ன?"

"நடையை மெசினிலை சேமிச்சு வைக்கேலாது. அந்தக் கிளினிக்கையும் நடத்துற எங்கடை கம்பனி எவ்வளவோ செய்து பாத்தது. வீடியோவிலை நடக்கிற வடிவு தெரியும், நிறை தெரியாது. உயிருள்ள காலிலைதான் அது தங்கும். அதாலை உர்சுலாவின்ரை காலிலை இருந்து எடுத்து, நித்திரை கொள்ளுற ஆக்களின்ரை காலுக்குள்ளை கொஞ்சம் கொஞ்சமா விடுறது. முழங்கால் நோ எண்டு கிளினிக்குக்கு வாற ஆக்களுக்கு ஒரு வெள்ளைப் பட்டி குடுக்கினம்தானே, அதாலை. நோவும் உண்மையாவே குறையும். அங்கிள் மாதிரிக் கனபேருக்குக் குடுத்தது. மற்ற ஆக்களிலை ஒட்டேல்லை. அங்கிளிலை ஒட்டியிருக்கு."

"கேட்டுச் செய்தவையோ?" என்றார் பின்னாலிருந்து தவராசா. அவருடைய குரலில் இப்போது மலைகள் எதுவும் இல்லை.

ரஜிதன் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தான். "இண்டைக்கு உங்கடை கறுப்புப் பட்டியள் என்ரை காலைப் பாத்து நடக்கேல்லை. அங்கிளின்ரை வலது காலிலை வில்லை ஒட்டியிருக்கு. அவற்றை காலைப் பாத்துத்தான் நடக்குதுகள். ஒருக்காச் சோதிச்சுப் பாக்கச் சொன்னவை."

"வலது காலிலை மட்டும் ஒட்டினா இடது காலுக்கு?" என்றார் தவராசா.

"வலது கால் எப்பிடியோ, இடது காலும் அப்பிடித்தானே அங்கிள். ஒரே ஆள்தானே."

நளாயினி வாயைத் திறந்தாள். குகதாசன் அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், தலையை ஒரு பக்கம் அசைத்தார். சொல்லாதே என்ற அசைவு. முப்பது வருடத்தில் அவள் நன்றாக அறிந்த ஒரே மொழி அது. அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடிய பிறகும் சந்தேகம் மூடவில்லை. எதை மறைக்கச் சொல்கிறார், யாருக்காக?

மெல்ல அவர் பக்கத்தில் போனாள். "சனிக்கிழமையளிலை எங்கை போனனீங்கள்?"

"இன்ரலாக்கன் கிளினிக்குக்குத்தான்" என்றார் அவர் கீழ்க்குரலில். "மாதத்திலை ஒருக்காப் போய் காலைத் தட்டிலை வைச்சுக் காட்டவேணும். உம்மைக் கூட்டிக்கொண்டு போனா உம்மடை காலையும் பாப்பினம். பட்டி ஒரு ஆளுக்குத்தான் எண்டு சொல்லித் தந்தவை. கண்டுபிடிச்சா ரெண்டையும் பறிச்சுப்போடுவினம். பிறகு நீர் என்னெண்டு அந்த முதியோர் இல்லத்துக் குசினியிலை நிண்டு சமைக்கிறது?"

நம்பலாம் போலிருந்தது. நம்பலாம் போலிருப்பதுதான் அவளுக்குப் பிடிக்காத இடம்.

அதற்குள் ரஜிதன் நடக்கத் தொடங்கிவிட்டான். சற்றுத் தூரத்தில் பெரிய வெடிப்பு ஒன்று குறுக்கே கிடந்தது. அதன்மேல் காற்று கொண்டுவந்து குவித்த பனி ஒரு பாலம்போல அமைந்திருந்தது. அகலமான பாலம்தான், ஆனால் எந்த இடம் கெட்டி, எந்த இடம் வெறும் மூடி என்று கண்ணுக்குத் தெரியாது. ரஜிதன் தடியால் குத்திக் குத்தித் தாண்டி அந்தப் பக்கம் போய், கயிற்றை இறுக்கிப் பிடித்தான். "வாங்கோ அங்கிள். காலை அதின்ரை பாட்டிலை விடுங்கோ."

குகதாசனின் வலது கால் அழகாக இறங்கியது. தயங்கி, தேடி, இறங்கியது. அடுத்தது இடது கால். அது பேர்ன் ஸ்ரேசனில் நடைபாதை கூட்டும் கால். தொம்மென்று விழுந்தது. பனி முனகியது. கால் தொடைவரைக்கும் உள்ளே போய்விட்டது.

அதே நொடியில், வலது காலை வைத்தே இடது காலையும் கணக்குப் போட்ட கறுப்புப் பட்டி, பின்னால் நின்ற இருவருடைய இடது கால்களையும் முன்னால் வீசியது. தவராசா குந்தியபடி விழுந்தார். நளாயினியின் கால் வெடிப்பின் விளிம்பைத் தாண்டப் போனது. போகவில்லை. அவளுடைய முழங்கால் பட்டியோடு முறுக்கிக்கொண்டு, வலியில் அவள் பல்லைக் கடிக்க, விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் தானாகவே ஊன்றி நின்றது.

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு இரண்டு கறுப்புப் பட்டிகளையும் இழுத்துக் கழற்றி எறிந்தாள்.

"அன்ரி, கழட்டாதேங்கோ. உர்சுலாவின்ரை இடது கால் ஒருநாளும் பிழைக்கிறேல்லை, இப்ப ஏன் பிழைச்சது எண்டு எனக்கு..."

"அது உர்சுலாவின்ரை கால் இல்லை. அது அவற்றை சொந்தக் கால். உர்சுலாவின்ரை இடது கால் என்னட்டை இருக்கு."

ரஜிதனுக்கு விளங்கவில்லை.

"ஒரு சோடிப் பட்டிதானே தந்தனியள்? அவருக்கு வலது முழங்கால் நோ, எனக்கு இடது. ஆளுக்கொண்டு போட்டுக்கொண்டு படுத்தனாங்கள். நோகாத காலிலை ஏன் ஒண்டைச் சும்மா கட்டிவைக்கிறது?"

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. ரஜிதன் சிரித்தானா, அழுதானா என்று தெரியவில்லை. "இழுத்து எடுக்கேலாது" என்றான் பிறகு. "இழுத்தாப் பாலம் இடியும். அங்கிள் தானா எழும்பி வரவேணும்."

"எழும்பலாம்" என்றார் குகதாசன். அவருடைய குரல் மிகவும் சாதாரணமாக இருந்தது. பயந்தால் அவருக்கு அப்படித்தான் வரும். "வலது கால் உறுதியா நிக்குது. இடது காலை எடுத்து எங்கை வைக்கிறது எண்டுதான் தெரியேல்லை."

நளாயினி பாலத்தில் இறங்கினாள். வலது காலை அவருடைய வலது கால் பதிந்த தடத்துக்குள்ளேயே வைத்தாள். இடது காலை அதன் போக்கில் விட்டாள். அது அவர் புதைந்த இடத்தைச் சுற்றிப் போனது. ஒரு இடத்தைத் தொட்டு வேண்டாம் என்றது. இன்னொரு இடத்தை வெகுநேரம் யோசித்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. தன் காலுக்குள் இன்னொருத்தி இருந்து யோசிக்கிறாள். வீட்டுக்குள்ளேயே ஒரு பெண் புகுந்திருக்கிறாள் என்று அவள் சந்தேகித்தது சரிதான். எந்தக் காலுக்குள் என்பதில்தான் பிழைத்துவிட்டாள். கால் இறங்கியது. பனி அசையவில்லை.

"இதிலை வையுங்கோ" என்று தன் காலைத் தூக்கி இடம் விட்டாள். அவர் இடது காலைக் குழியிலிருந்து உருவி, அவளுடைய தடத்துக்குள் வைத்தார்.

அப்படியே போனார்கள். அவருடைய வலது காலுக்குப் பின்னால் அவளுடைய வலது கால். அவளுடைய இடது காலுக்குப் பின்னால் அவருடைய இடது கால். ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பாலத்தின் நடுவில் ஒரு தடவை இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நிற்கவேண்டி வந்தது.

"கலியாணத்துக்கும் இவ்வளவு கிட்டடியிலை நிக்கேல்லை" என்றார் அவர்.

"கதைக்காமல் காலைப் பாருங்கோ."

அவர்கள் விட்டுச்சென்ற தடங்களில் கடைசியாகத் தவராசா வந்தார். பட்டிகளைக் கழற்றிவிட்டு, தடியைப் புறப்பட்ட பக்கமே விட்டுவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் நளாயினியின் கையைப் பிடித்து இரண்டு கையாலும் அழுத்தினார்.

கீழே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது வெயில் சரிந்திருந்தது. ரஜிதன் கயிற்றைச் சுருட்டியபடி அவர்களைப் பார்க்காமல் பேசினான்.

"நான் கம்பனிக்குச் சொல்லத்தான் வேணும். அவை உங்கள் ரெண்டு பேரையும் கூப்பிடுவினம். நல்ல சம்பளத்திலை வேலை தருவினம். ஒண்டுதான், நீங்கள் ரெண்டு பேரும் பிரியக்கூடாது. ஒரு வீட்டிலைதான் இருக்கவேணும். ஒராள் இல்லாட்டி மற்றாள் அரைவாசி."

"நாங்கள் ஏன் பிரியிறம்?" என்றார் குகதாசன் உடனே.

மிக உடனே சொன்னார். நளாயினி அதைக் கவனித்தாள். ரொறன்ரோவில் ஒரு அறை அவளுக்காகக் காலியாக இருந்தது. இனி இந்த மனிதர் தன்னோடு இருந்தால், தனக்காக இருக்கிறாரா, சம்பளத்துக்காகவா, இல்லை மறுபாதியைத் தேடும் அந்த வலது கால்தான் அவரை இழுத்துக்கொண்டு வருகிறதா?

"தம்பி" என்றாள். "உர்சுலா இதுக்கு ஓம் எண்டவவோ?"

"ஓம் எண்டவா." கயிறு அவனுடைய கையில் சிக்கிக்கொண்டது. "தன்ரை மகளின்ரை காலுக்குப் போகுது எண்டு சொல்லித்தான் எடுத்தது. மகளிலை ஒட்டேல்லை. அதை அவவுக்கு ஆரும் சொல்லேல்லை."

நளாயினி கைப்பையைத் திறந்தாள். பஸ்ஸில் கண்ணயரலாம் என்று கொண்டுவந்திருந்த வெள்ளைப் பட்டியை எடுத்து ரஜிதனிடம் நீட்டினாள்.

"அவவிட்டைக் கொண்டுபோய்க் குடும். ஆரிட்டை இருக்குது எண்டும் சொல்லும். வேண்டாம் எண்டு சொன்னாவெண்டால் எனக்கும் வேண்டாம்."

"நோகும்" என்றார் குகதாசன்.

"நோகட்டும்."

"நொண்டப்போறீர்."

"நான்தானே நொண்டுறன். வேற ஆளில்லையே."

தன்னுடைய பட்டியையும் அவர் எடுத்துக் கொடுப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அது இல்லாமல் அவரால் வேலைக்குப் போகமுடியாது என்று அவளுக்குத் தெரியும். கேட்கவுமில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கை சட்டைப் பைக்குப் போய், வெறுமனே திரும்பி வந்தது.

பஸ் வந்தது. படி உயரமாக இருந்தது. முழங்கால் இப்போதே குத்தத் தொடங்கியிருந்தது. முதலில் ஏறிய குகதாசன் திரும்பி நின்று கையை நீட்டினார்.

"வாரும்."

நளாயினி அந்தக் கையைப் பிடிப்பதற்கு முன்னால் அவருடைய ஜக்கற்றின் கையை முழங்கைவரை மேலே தள்ளினாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன தேடுறீர்?"

"ஒண்டுமில்லை" என்றாள். கையில் பட்டி எதுவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.